மேற்கே திரும்பிய சைக்கிள்

அது ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் கிளிப். கொடியில் காயப்போட்ட துணி பறக்காமல் இருக்க மாட்டுவோமே, பாத்திரக்கடை வாசலில் அட்டையோடு தொங்குமே, அந்த ரகம்தான். ஆழ்வார்குறிச்சியில் என் அண்ணன் வீட்டுப் புறவாசல் கொடியில் கிடந்த மற்ற கிளிப்புகளெல்லாம் வெயில் பட்டு வெளுத்து, தொட்டால் முறிகிற நிலையில் இருந்தன. இந்த நீலம் மட்டும் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. அது அதிக நேரம் கொடியில் இருந்ததில்லை என்பதுதான் காரணம். காலையில் அது என் மதினியின் சேலையில் இருக்கும். கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேல் ஒரு பிடி தூக்கி, ஒன்றாகச் சேர்த்து, செயினில் சிக்காதபடி அந்தக் கிளிப்பைக் கவ்வவிட்டுக்கொண்டுதான் மதினி சைக்கிளோடு தெருவில் இறங்குவார். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. முதலில் சிரித்தவள் நான்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எதையும் தோண்டித் துருவிக் கேட்கிற புத்தி. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக இருப்பதால் அந்தப் புத்திக்குச் சம்பளமும் கிடைக்கிறது. சனிக்கிழமை காலையில் செங்கோட்டை ரயிலைப் பிடித்து ஊருக்குப் போனால், அடுப்படியில் மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்ச் சங்கதி முழுவதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். மதினி கேட்டதற்குப் பதில் சொல்வார், கேட்காததைச் சொல்லமாட்டார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். பேச்சு குறைவு, சமையல் அதிகம், யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் போய் நிற்பார். இப்படி ஒரு ஆளைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வது ரொம்பச் சுலபம்.

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்று தெரிந்த கையோடு டயாலிசிஸ் ஆரம்பித்தாகிவிட்டது. பாளையங்கோட்டைக்கு வருவதும் போவதுமாக ஆள் கறுத்து, கன்னம் ஒட்டிப் போனான். யாராவது ஒருவர் ஒரு சிறுநீரகம் கொடுத்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சர்க்கரை, என்னை முதல் கேள்வியிலேயே ஒதுக்கிவிட்டார்கள். அண்ணன் மகளுக்கு அப்போதுதான் கைக்குழந்தை. அவளிடம் பேச்சே எடுக்கக்கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். அப்புறம் டாக்டர் அறையில் மிச்சம் இருந்தது மதினிதான். யாரும் எதுவும் சொல்லவில்லை. டாக்டர், அண்ணன், நான் மூன்று பேரும் மதினியைப் பார்த்தோம். அவ்வளவுதான். மதினி மடியில் இருந்த பையின் ஜிப்பை ஒருதரம் திறந்து மூடினார்.

பரிசோதனையில் ரத்தம் பொருந்தியது. ஆனால் மதினியின் எடையைப் பார்த்த டாக்டர் தலையை ஆட்டினார். ரத்த அழுத்தமும் எல்லைக்கோட்டில் நின்றது. இந்த உடம்போடு ஆபரேஷன் செய்தால் கொடுப்பவருக்குத்தான் ஆபத்து, எடையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், இல்லையென்றால் எடுக்கமாட்டோம் என்றார். நடக்கலாம் என்றால் மதினிக்கு முழங்கால் வலி. சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று டாக்டர் கேட்டார். "தெரியும், பள்ளிக்கூடத்துக்கு ஓட்டியிருக்கேன்" என்றார் மதினி. அந்த அறையில் அவர் பேசியது அந்த ஒன்றுதான். அண்ணனுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மதினிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

தொழுவத்தில் சாக்குக்குப் பின்னால் கிடந்தது மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள். துடைத்து, டயர் மாற்றி, எண்ணெய் விட்டு எடுத்தார்கள். முதல்நாள் தெருவில் மதினி ஏறியபோது கைப்பிடி இரண்டு பக்கமும் ஆடியது, பிறகு நேராயிற்று. அந்த உடம்பை அந்தச் சின்ன சீட்டில் பார்ப்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு ஆச்சி வாசலுக்கு வந்து, "என்னம்மா, பத்தாங்கிளாஸ் பரீட்சை எழுதப் போறியா?" என்று கேட்டார். "ஆமா, போன தடவ கோட்ட வுட்டுட்டேன்லா" என்று மதினி திரும்பிப் பார்க்காமலே பதில் கொடுத்தார். சுடிதார் போட்டுக்கொள்ளுங்கள் மதினி என்று நான் சொல்லிப் பார்த்தேன். "உங்க அண்ணன் படுத்துக் கெடக்கையில நான் சுடிதார் போட்டேன்னு ஊரு அதப் பேசும்ளா. சேலையோட போனா சைக்கிளத்தான் பேசும்" என்றார். கிளிப் அன்றைக்கு வந்ததுதான்.

அது ஆனி பிறந்த சமயம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கும். சும்மா காற்று இல்லை. காயப்போட்ட வேட்டி அடுத்த தெருவில் கிடக்கும், நடந்து போகிறவர் குடையை விரிக்கமாட்டார், வாழைக்காரர்கள் கம்பு நட்டுக் கட்டிவிட்டுச் சாமியைக் கும்பிடுவார்கள். மதினி தினமும் காலையில் தெருமுனைக்குப் போய்க் கிழக்கே திரும்பினார், பொட்டல்புதூர்ப் பக்கமாக. போன வேகத்தைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளந்தது. ஒரு சனிக்கிழமை நான் ரயிலடியிலிருந்து வரும்போது எதிரில் பார்த்தேன். முந்தானை முன்னால் பறக்க, பெடலைச் சும்மா தொட்டுக்கொண்டு, ஒரு டவுன் பஸ்ஸோடு போட்டி போடுகிற மாதிரி போனார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மதினி பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது குறைவு. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, இந்த வேகத்தில் ஆடி முடிவதற்குள் ஆள் இளைத்துவிடுவார் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது எடை கொஞ்சம் கூடியிருந்தது.

நர்ஸ் இறங்கி ஏறச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார். முள் நகரவில்லை. தினமும் சைக்கிள் ஓட்டுகிற ஒருவருக்கு எடை எப்படிக் கூடும்? டாக்டருக்குக் கோபம், அண்ணனுக்கு வருத்தம், எனக்கோ இந்தக் கணக்கு விளங்காமல் தூக்கம் போயிற்று. அடுத்த சனிக்கிழமை முதல் ரயிலில் வெள்ளனவே போய், அண்ணனுடைய பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு மதினிக்குத் தெரியாமல் பின்னாலேயே கிளம்பிவிட்டேன்.

போகும்போது அவர் பெடலை மிதித்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனது, தரையும் கிழக்கே சரிவு. அடுத்த ஊரில் மதினியின் சித்தி வீடு. அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போனவரை அரைமணி நேரமாகக் காணவில்லை. நான் பொறுக்கமாட்டாமல் வாசலில் போய் நின்றேன். முற்றத்தில் ஒரு தட்டு உளுந்தவடை, சட்னி, டம்ளர் நிறையக் காப்பி. மதினி வாயில் வடையோடு என்னைப் பார்த்தார். "சைக்கிள் மிதிச்சுக் களைச்சு வந்த புள்ளைய வெறும் வயித்தோட அனுப்பவா?" என்று சித்தி எனக்கும் ஒரு தட்டு நீட்டினார். எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்தவரைச் சாப்பிடாமல் விட்டால் அது அந்த வீட்டுக்கே குறை. அதுகூடப் பரவாயில்லை. திரும்பும்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. எதிர்க்காற்றில் மிதிக்க முடியாது என்று, ஆழ்வார்குறிச்சிக்குப் பால் கேன் ஏற்றிக்கொண்டு போகிற லோடு ஆட்டோவில் சைக்கிளைத் தூக்கிப் போட்டு, டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால் வரை மதினி திரும்பிக்கொண்டிருந்தார். தினமும்.

நான் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சித்தியும் சேர்ந்துகொண்டார். மதினி சிரிக்கவில்லை. "சின்னப் புள்ளையில பள்ளிக்கூடத்துக்குக் கெழக்கதான் போவேன். ஆடிக் காத்துல என்னைய ஒரு பய முந்த முடியாது. அதுதான் நெனப்புல இருந்துச்சு" என்றார். சாயங்காலம் எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தார். "அது நெனப்புல இல்லியே" என்றார். காற்றையும் தண்ணீரையும் பார்த்தே விதைக்கிற ஊரில் பிறந்தவர் காற்றை மறந்துவிட்டார் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. பாளையங்கோட்டை வந்து பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

அந்த வாரம் நடுவில் அண்ணன் போன் செய்தான். "ஏட்டி, உங்க மயினி இன்னைக்கு மேக்க போறா" என்றான். யார் சொன்னது, நீ சொன்னாயா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை என்றான்.

மேற்கே போனால் சிவசைலம் பாதை. மலையைப் பார்த்த ஏற்றம், முகத்தில் அறைகிற காற்று, நடுவே சாரல். முதலில் சில நாள் பாதித் தூரம்கூடப் போகமுடியவில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போவார், கடனா ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவரில் முகத்தைக் கவிழ்த்து மூச்சு வாங்குவார். அந்தப் பாதையில் அவருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை, வடையும் இல்லை. வீட்டுக்கு வந்தால் கால் நடுங்கும். ஆனால் திரும்பும்போது காற்று கூட வந்தது. "போகையில அழுகையா வரும். வாரையில பாட்டு வரும்" என்றார் என்னிடம் ஒருதரம். கொஞ்ச நாளில் காற்றின் குணமெல்லாம் அவருக்கு அத்துப்படியாயிற்று. விடிகிற நேரத்தில் அது பைய வரும், வெயில் ஏற ஏறத்தான் வீச்சு கூடும், அதனால் "காத்து முழிக்கதுக்கு முன்ன" கிளம்பிவிட வேண்டும் என்பார். ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தார். கழற்றவே முடியாமல் இருந்த வளையல் தானாக வழுக்கிக்கொண்டு முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஓடியது. எதிர்வீட்டு ஆச்சி கேலியை நிறுத்திவிட்டு, புருஷனுக்காக ஒருத்தி இப்படிப் பாடுபடுகிறாளே என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அதைக் கேட்கும்போது மதினியின் முகத்தில் சந்தோஷம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று நானும் உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபடாமல் தவித்தவள் நான் மட்டும் இல்லை. டயாலிசிஸ் படுக்கையில் ஒருநாள் அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டான். "அவகிட்ட யாரும் கேக்கலியேட்டி" என்றான். எனக்குப் புரிந்துவிட்டது. "நாம மூணு பேரும் அவளப் பாத்தோம். அவ மாட்டேன்னு எப்படிச் சொல்லுவா? அவள அறுத்துத்தான் நான் பொழைக்கணும்னா எனக்கு வேண்டாம். அவளுக்கு மனசோட சம்மதமான்னு தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான். நீயே கேட்பதுதானே என்றேன். "நான் கேட்டா ஆமான்னுதான் சொல்லுவா. படுத்துக் கெடக்கவன்கிட்ட யாரு இல்லன்னு சொல்லுவா?" என்று கண்ணை மூடிக்கொண்டான். அவன் உயிர் அப்போது அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. டாக்டரோ அதிகநாள் தள்ளிப் போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

ஆகவே நான் கேட்டேன். கடனா ஆற்றுப் பாலத்தில், மதினி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, மொபெட்டில் உட்கார்ந்தபடியே கேட்டேன். "மயினி, உங்களுக்கு இதுல சம்மதந்தானா? மனசுல இருக்கதச் சொல்லுங்க. யாருட்டயும் சொல்ல மாட்டேன்." மதினி என்னைப் பார்த்தார். காற்றில் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது, அது காற்றால்தானா என்று எனக்குத் தெரியாது. "இப்பப் பேசுனா மூச்சு அடைக்கும்ளா" என்று சொல்லிவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார், மேற்கே.

பதில் ஆஸ்பத்திரியில்தான் கிடைத்தது. டாக்டர் சொன்ன இடத்துக்கு எடை இறங்கி, ரத்த அழுத்தமும் அடங்கிய பிறகு, உறுப்பு கொடுப்பவர் என்று மதினியை ஒரு குழு முன்னால் உட்காரவைத்தார்கள். கொடுப்பவர் சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறாரா என்று பார்ப்பது அவர்கள் வேலை. அண்ணனை வெளியே இருத்திவிட்டார்கள். குடும்பத்தில் ஒருவர் என்று என்னைப் பின்னால் உட்கார அனுமதித்தார்கள். நடுவில் இருந்த பெண் டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "உங்களை யாராவது வற்புறுத்தினாங்களாம்மா? பயப்படாமச் சொல்லுங்க" என்று கேட்டார்.

மதினி மடியில் இருந்த பையின் ஜிப்பை ஒருதரம் திறந்து மூடினார்.

"யாரும் வற்புறுத்தல. யாரும் கேக்கவும் இல்ல" என்று ஆரம்பித்தார். "எல்லாரும் என்னப் பாத்தாவ. எனக்குப் பயமாத்தான் இருந்துச்சு. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. ஆனா மாட்டேன்னு சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி இருந்துச்சும்மா. எட கொறையாம இருந்தாப் போதும். நீங்களே வேண்டாம்னு அனுப்பிருவிய. ஊரும் ஒண்ணும் சொல்லாது, பாவம், அவளும் சைக்கிள் ஓட்டித்தான் பாத்தான்னு சொல்லும்."

பெண் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"காத்தோட கெழக்க போனேன். வட தின்னேன். ஆட்டோவுல வந்தேன். காத்த மறந்துட்டேன்னு இவகிட்டச் சொன்னேன்," என்னைத் திரும்பிப் பார்த்தார், "அது நெசமா பொய்யான்னு எனக்கே தெரியல. இவ சிரிச்சுட்டுப் போன பொறவு நாலஞ்சு நாளு யோசிச்சேன். அவுக பக்கத்துல படுத்திருப்பாவ, மூச்சு விடுததக் கேட்டுக்கிட்டே யோசிச்சேன். பொறவு ஒருநா காலையில தெரு முக்குல நின்னு, மேக்க திருப்புனேன். யாரும் கூட இல்ல. யாரும் ஹேண்டில்பாரப் பிடிச்சுத் திருப்பல. ஆடிக் காத்துல மலையப் பாத்து ஒருத்திய வற்புறுத்தி மிதிக்க வைக்க முடியுமாம்மா? தெனமும்?"

மூன்று டாக்டர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேறு கேள்வி எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த அந்தக் காலையில் மதினி ஏன் கூடச் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

வெளியே வந்து அண்ணனிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், கிழக்கே போன காரணத்தையும் சேர்த்து. அதைச் சொல்வதற்கு முன்னால் மதினியிடம் கண்ணால் கேட்டேன், சொல்லு என்று தலையசைத்தார். அண்ணன் பெஞ்சில் நகர்ந்து மதினிக்கு இடம் விட்டான். பிறகு, "கெழக்கயே போயிருந்தாலும் நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்ளா" என்றான். "தெரியும். அதான் திருப்புனேன்" என்றார் மதினி. அண்ணன் கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் அன்று நர்ஸ் வந்து கம்மல், மூக்குத்தி, வளையல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னபோது, மதினி ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தார். கடைசியாகக் கைப்பையில் துழாவி அந்த நீலக் கிளிப்பையும் எடுத்து மேலே வைத்தார். இது எதற்கு மதினி ஆஸ்பத்திரிக்கு என்று கேட்டேன். "வீட்டுல கெடந்தா யாராச்சும் கொடியில மாட்டிருவாவ" என்றார்.

இப்போது அண்ணன் நன்றாக இருக்கிறான். மாத்திரை நேரம் தவறுவதில்லை, கன்னம் கொஞ்சம் பழைய மாதிரி ஆகியிருக்கிறது. வெட்டுக்காயம் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மதினி மறுபடியும் சைக்கிளை எடுத்துவிட்டார். யாருக்கும் எடை காட்டவேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் போகிறார். எதிர்வீட்டு ஆச்சிக்குத்தான் இது பிடிபடவில்லை. "அதான் குடுத்தாச்சே, இன்னும் எதுக்கு மிதிக்கா?" என்று என்னைப் பிடித்துக் கேட்டார். நானும் மதினியிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன். "உங்க அண்ணனுக்குக் குடுத்தது கிட்னி. சைக்கிளையும் சேத்தாக் குடுத்தேன்?" என்றார்.

என் சர்க்கரை இந்த வருஷம் எல்லை தாண்டிவிட்டது. டாக்டர் எனக்கும் சைக்கிளைச் சொன்னார். நானும் ஒன்று வாங்கி ஊரிலேயே போட்டிருக்கிறேன், விடுமுறைகளில் அங்கேதான் ஓட்டம். இந்த ஆடியில் முதல்நாள் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றபோது, மதினி கொடியிலிருந்து வெளுத்துப்போன ஒரு பச்சைக் கிளிப்பை உருவி என் கொசுவத்தில் மாட்டிவிட்டார். நீலத்தைத் தன்னுடையதில் மாட்டிக்கொண்டார். கொடியில் இரண்டு துணி காற்றுக்குப் பறக்க, அண்ணன் ஓடிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

தெருமுனையில் மதினி பிரேக் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றினார். காற்று அதற்குள் முழித்துவிட்டது, புளியமரம் பேயாட்டம் ஆடியது. எனக்கு அந்த மலையைப் பார்க்கவே பயமாக இருந்தது. மதினி முன்னால் போய்விடுவார், நான் பேசாமல் பின்னால் போகவேண்டியதுதான் என்று நினைத்திருந்தேன். அவர் போகவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"மேக்கயா, கெழக்கயா? பைய யோசிச்சு நீயே சொல்லு. நான் எங்கனயும் வாரேன்."